தலைமடையும் கடைமடையும்

நுழையும்முன்

கேரளத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு மாநிலங்களின் மழையும் வேண்டும். பாலக்காட்டிற்குக் கிழக்கே உள்ள உழவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வரும் நீரை எதிர்பார்க்கின்றனர். இடுக்கி மலைக்குக் கிழக்கே உள்ள உழவர்களோ கேரளத்திலிருந்து வரும் நீரை எதிர்பார்க்கின்றனர். இஃது ஏன்? அந்நீர் எவ்வழியே வருகிறது? வராத ஆண்டில் யாருடைய வாழ்வு எவ்வாறு மாறுகிறது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

மடை என்னும் சொல்

வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் புகும் திறப்பினை மடை என்பர். ஏரியிலிருந்தோ அணையிலிருந்தோ நீரை வெளியே விடும் பெரிய கதவமைப்பு மதகு எனப்படும். மதகில் புறப்பட்ட நீர் முதலில் நுழையும் வயல்களைத் தலைமடை என்றும், இறுதியில் சென்று சேரும் வயல்களைக் கடைமடை என்றும் உழவர் குறிப்பிடுவர். நீர் குறையும் காலத்தில் தலைமடை வயல் நனையும். கடைமடை வயல் வெடிக்கும். மழை மிகுந்து வெள்ளம் வரும் காலத்தில், வடிகால் இல்லாத கடைமடையே முதலில் மூழ்குவதும் உண்டு. ஆகவே கடைமடைக்காரர் வறட்சிக்கும் அஞ்ச வேண்டும். வெள்ளத்திற்கும் அஞ்ச வேண்டும்.

நான் பிறந்த ஊரில் திருமணப் பேச்சு நடக்கும்போது, "நிலம் எவ்வளவு?" என்று கேட்டவர்கள் அடுத்து, "எந்த மடையில்?" என்று கேட்பார்கள். கடைமடையில் உள்ள மூன்று ஏக்கரைக் காட்டிலும் தலைமடையில் உள்ள ஓர் ஏக்கருக்கு மதிப்பு மிகுதி. ஒரே மண், ஒரே விதை, ஒரே உழைப்பு. எனினும் நீர் வந்து சேரும் வரிசையே ஒரு குடும்பத்தின் நிலையை முடிவு செய்தது.

இச்சொற்களை ஓர் ஊருக்குள் மட்டுமே பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் தலைமடையும் கடைமடையும் உண்டு. ஒரு மாநிலத்தின் ஒரு பகுதி, மற்றொரு மாநிலத்தின் கடைமடையாக இருத்தல் கூடும். கேரளம் எப்போதும் தலைமடை, தமிழ்நாடு எப்போதும் கடைமடை என்றே பலரும் எண்ணுகின்றனர். பாலக்காடு மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

கணவாய்க்குக் கிழக்கே

குமரி முதல் குசராத்து எல்லை வரை நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து இரயிலில் வரும்போது மலை ஏறாமலேயே நாம் கேரளத்திற்குள் நுழைந்து விடுவது இக்கணவாயினால்தான். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைத் தடுத்து நிறுத்தும் உயர்ந்த மலை இங்கு இல்லை. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மி.மீ. ஆகும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் அதில் பாதியும் பெய்வதில்லை.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். இப்பகுதியில் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இங்கே கரிசல் மண் உண்டு. கேரளத்தில் கரிசல் மண்ணைக் காண வேண்டுமெனில் சித்தூருக்குத்தான் வர வேண்டும். நிலக்கடலை, கரும்பு, காய்கறி, தென்னை ஆகியவை விளைகின்றன. நீர்நிலைகளின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. கேரளத்தின் பிற பகுதிகளில் குளம், சிறை என வழங்குவனவற்றை இங்கு ஏரி என்றே அழைக்கின்றனர். கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி என்பன அத்தகையவை.

இவ்வட்டம் அந்நாளில் கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. இதனைச் சூழ்ந்த பாலக்காட்டுப் பகுதியோ 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதனால்தான் 1955ஆம் ஆண்டு மலம்புழை அணையைத் திறந்து வைத்தவர் சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். மலம்புழையின் கால்வாய்கள் பாலக்காட்டைச் சுற்றியுள்ள நெல்வயல்களுக்கு நீர் அளிக்கின்றன. சித்தூரின் கிழக்கு ஊர்களுக்கு அந்நீர் எட்டாது. அவர்களுக்கு நீர் வேறு திசையிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஆனைமலையில் தோன்றும் ஆழியாறு தமிழ்நாட்டிற்குள் ஓடி, பாலாற்றோடு சேர்ந்து, மணக்கடவு என்னுமிடத்தைக் கடந்து கேரளத்திற்குள் வருகிறது. இங்கு அதற்குச் சித்தூர்ப்புழை என்று பெயர். கண்ணாடிப்புழை என்றும் கூறுவர். பின்னர் அது பாரதப்புழையுடன் கலந்து பொன்னானியில் கடலை அடைகிறது. எனவே சித்தூர் உழவருக்குத் தலைமடை தமிழ்நாடு. தமிழ்நாட்டிற்குக் கடைமடை சித்தூர்.

பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாடு

ஆனைமலையில் பிறக்கும் ஆறுகளுள் பல மேற்கு நோக்கி ஓடுபவை. அவற்றை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்து, நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டு செல்வதே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி ஆகிய அணைகள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் பிணைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. அதனை இயக்குவது தமிழ்நாடு. கேரளத்திற்குள் இருக்கும் அவ்விடத்திற்குச் சாலை வழியே செல்ல விரும்புவோர், தமிழ்நாட்டிலுள்ள சேத்துமடை வழியாகவே செல்ல வேண்டும். எல்லைக்கோடு ஒரு வழி செல்ல, மலையும் நீரும் வேறு வழி செல்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திட்டப் பணிகள் 1950களின் இறுதியில் தொடங்கின. இரு மாநில அரசுகளும் 1970 மே 29ஆம் நாள் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. எனினும் அது 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரும், சோலையாற்றிலிருந்து 12.3 டி.எம்.சி. நீரும் கேரளத்திற்கு உரியவை. நீராண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முடிகிறது.

டி.எம்.சி. என்பது செய்தித்தாளில் அடிக்கடி காணப்படும் சொல். அது நூறு கோடி கன அடியைக் குறிக்கும். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2830 கோடி லிட்டர் ஆகும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் அதனை நிரப்பினால் 28 லட்சம் லாரிகள் வேண்டும். இவ்வளவு பெரிய அளவைக் கேட்டவுடன், சித்தூருக்கு வரும் 7.25 டி.எம்.சி. மிகுதி என்று தோன்றும். ஆனால் அதனை ஆண்டு முழுவதும் சமமாகப் பங்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 230 கன அடிதான். வயலுக்கு நீர் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. நாற்று நடும்போது மிகுதியாக வேண்டும். கதிர் முற்றும்போது குறைவாகப் போதும். நெல் பால்பிடிக்கும் வாரத்தில் நீர் இல்லையெனில், அறுவடைக்குப் பின் எவ்வளவு நீர் வந்தும் பயனில்லை. நீர்ப் பூசல்கள் பெரும்பாலும் மொத்த அளவைப் பற்றியவை போலத் தோன்றினும், உழவர் உள்ளபடியே கேட்பது காலத்தைப் பற்றித்தான்.

மணக்கடவைக் கடந்த நீர் மூலத்தறை ஒழுங்கணையில் தேக்கப்பட்டு, கால்வாய்களில் பிரிந்து செல்கிறது. 2009ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூலத்தறை ஒழுங்கணை உடைந்தது. வறட்சியில் போதாத அதே ஆறு, பெருமழையில் அணையையே உடைத்தது. வேனிற்காலத்தில் இந்நீர் வயலுக்கு மட்டுமன்றிக் குடிப்பதற்கும் வேண்டும். ஆதலால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சித்தூர் உழவரின் கோரிக்கைகள் செய்தித்தாள்களில் இடம்பெறுவதை நீங்கள் ஆண்டுதோறும் காணலாம்.

தமிழ்நாட்டுப் பகுதியிலும் இக்கதையே நடக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் உள்ள நிலம் 3.77 லட்சம் ஏக்கர். அனைத்திற்கும் ஒரே நேரத்தில் நீர் விட இயலாது. எனவே நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து நீர் விடப்படுகிறது. ஒரு மண்டலத்து உழவர் ஒருமுறை நீர் பெற்றபின், மற்ற மண்டலங்களின் முறை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கால்வாயின் இறுதியில் உள்ள வெள்ளகோவில், காங்கேயம் பகுதியினர் தமக்குரிய நீர் முழுமையாக வந்து சேர்வதில்லை என்று நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கால்வாய்க் கரையில் குழாயிட்டு, மோட்டாரால் நீரைக் களவாக எடுப்போர் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். கொழிஞ்சாம்பாறை உழவர் தமிழ்நாட்டின் மீது கூறும் குறையையும், வெள்ளகோவில் உழவர் தம் மாநிலத்திற்குள்ளேயே கூறும் குறையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சொற்கள் ஒன்றாகவே இருக்கும். இருவரும் ஒரே திட்டத்தின் இரு கடைமடைகள். ஒருவரை ஒருவர் அறியார்.

உடன்பாட்டை 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. 1988ஆம் ஆண்டில் செய்திருக்க வேண்டிய ஆய்வு நிறைவேறவில்லை. 2019 செப்டம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, இதற்கெனக் குழுக்கள் அமைக்க முடிவு செய்தனர். ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் பொள்ளாச்சிப் பகுதியில் இவ்வளவு தென்னந்தோப்புகள் இல்லை. இவ்வளவு குடிநீர்த் தேவையும் இல்லை. பழைய எண்களைப் புதிய நிலத்தின் மீது வைத்து அளப்பது எளிதன்று.

கால்வாய் நீர் குறையும்போது மக்கள் நிலத்தடி நீரை நாடுவர். அதற்கும் எல்லை உண்டு. சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை தொடங்கப்பட்டது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீரும் கெட்டது என்று கூறி, 2002 ஏப்ரலில் அப்பகுதிப் பழங்குடி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அதற்கு முன்னின்றவர் மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண். 2004 மார்ச்சில் ஆலை இயக்கம் நின்றது. பள்ளிக்கல்வி பெறாத அப்பெண், தம் வீட்டுக் கிணற்று நீரில் வேகவைத்த அரிசியின் தன்மை மாறியதைக் கண்டே குறையை உணர்ந்தார்.

பெரியாறு திரும்பிய கதை

இனி இடுக்கிக்குச் செல்வோம். இங்கு நிலைமை நேர்மாறானது.

பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. நீளம் 244 கி.மீ. மலையின் மறுபுறம் உள்ள வைகையோ மழையை நம்பியே ஓடுவது. மேற்கே வெள்ளமாய்ச் செல்லும் நீரைக் கிழக்கே திருப்பினால் மதுரைச் சீமை தழைக்கும் என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் அரசில் தோன்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதன்பின்னரே ஆங்கில அரசு இத்திட்டத்தில் விரைவு காட்டியது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. 8000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1970ஆம் ஆண்டு இவ்வாடகை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது; மீன்பிடி உரிமை கேரளத்திற்கு வழங்கப்பட்டது. கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப் பணி 1895இல் நிறைவுற்றது. சிமெண்ட் இன்றி, சுண்ணாம்பும் சுடுமண் பொடியும் கலந்த சாந்தினால் கட்டப்பட்ட அணை அது. கட்டத் தொடங்கிய பகுதிகளை வெள்ளம் அடித்துச் சென்றதும், காட்டுக் காய்ச்சலாலும் காலராவாலும் தொழிலாளர் பலர் இறந்ததும் வரலாறு. பென்னிகுயிக்கின் சிலைக்கு மாலையிடும் நாம் அத்தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல்லும் நாட்டவில்லையே என்ற எண்ணம் எனக்கு உண்டு.

தேக்கடி ஏரியில் படகில் சென்றவர்கள் அதனை இயற்கை ஏரி என்று எண்ணியிருப்பீர்கள். அஃது இவ்வணையால் தேங்கிய நீரே. ஏரியின் ஒரு முனையில் கால்வாய் வெட்டி, மலையைக் குடைந்து ஏறத்தாழ 1.7 கி.மீ. நீளச் சுரங்கத்தின் வழியே நீரைக் கிழக்குச் சரிவிற்குக் கொண்டு வந்தனர். குமுளியிலிருந்து கம்பத்திற்குப் பேருந்தில் இறங்கும்போது, மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் கீழ்நோக்கிச் செல்வதைக் காணலாம். அவற்றின் வழியே இறங்கும் நீர் லோயர்கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாற்றிலும் சுருளியாற்றிலும் சேர்ந்து வைகை அணைக்குச் செல்கிறது. அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே சென்றால் சுரங்கத்திற்குள் நீர் புகாது. ஆகவே கம்பத்தில் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் முதியவரும் "இன்று எத்தனை அடி?" என்றே பேச்சைத் தொடங்குவார்.

இந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் நெல் விளையும் நிலமாயிற்று. மட்டம் போதிய அளவில் இருக்குமாயின், முதல் போகத்திற்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் நீர் திறக்கப்படும். ஆற்றோரக் கிணறுகள் ஊறுவதால் வாழையும் பன்னீர்த் திராட்சையும் செழிக்கின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்நீரை நம்பியுள்ளன. ஆயினும் இங்கும் மடை வரிசை உண்டு. கம்பத்தில் இரண்டு போகம் விளையும் ஆண்டிலும் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு நீர் சென்று சேராமல் போவதுண்டு. உசிலம்பட்டிப் பகுதி மக்கள் வைகை நீருக்காக 58 கிராமக் கால்வாய் வேண்டுமெனப் பல்லாண்டுகள் போராடினர்.

அணைக்குக் கீழே

இதுவரை அணைக்குக் கிழக்கே நின்று பார்த்தோம். இப்போது அணைக்கு மேற்கே, ஆற்றின் இயற்கையான வழியில் நிற்போம். வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்துறை ஆகிய ஊர்கள் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ளன. பெருமழைக் காலத்தில் மதகுகள் திறக்கப்படும் இரவுகளில், கரையோர வீடுகளில் உறக்கம் இருக்காது. நூற்றாண்டு கடந்த அணை உறுதியாக உள்ளதா என்னும் அச்சம் 1979ஆம் ஆண்டு முதல் வலுப்பெற்றது. அப்போது நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு அணையைக் கான்கிரீட்டினாலும் எஃகு வடங்களினாலும் வலுப்படுத்தியது. 2006ஆம் ஆண்டிலும், பின்னர் 2014 மே 7ஆம் நாளிலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைத்தது. கேரளம் புதிய அணை வேண்டும் என்கிறது. தமிழ்நாடு இருக்கும் அணை உறுதியானது என்கிறது.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருள் தமிழர் மிகப் பலர். அணையால் விளையும் நெல்லை உண்பவரும் தமிழர். அணைக்குக் கீழே அஞ்சி விழித்திருப்பவருள்ளும் தமிழர் உண்டு. வகுப்பில் உங்கள் மலையாள நண்பர் அச்சத்தைக் கூறும்போதும், விடுமுறையில் கம்பத்திலுள்ள மாமா வயலைக் காட்டும்போதும் இருவரும் உண்மையையே கூறுகின்றனர். இதனை மொழிச் சண்டையாக மாற்றுவோர் அணையையும் அறியார், வயலையும் அறியார்.

2011ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாறு மாற்ற முயன்றபோது நிகழ்ந்தது என்ன? குமுளி எல்லைச் சாலை அடைபட்டது. பேருந்துகள் நின்றன. காய்கறி லாரிகள் திரும்பின. தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் பல நாள் கூலியிழந்தனர். அவர்களை நம்பிய தோட்டக்காரர்கள், பழுத்த ஏலக்காயைப் பறிக்க ஆளின்றித் தவித்தனர்.

கூலிக்காரரின் நீர்

நீர் உடன்பாடுகளில் ஏக்கர் கணக்கு உண்டு. கன அடிக் கணக்கு உண்டு. நிலமற்றவரின் கணக்கு எங்கும் இல்லை. ஆனால் வாய்க்காலில் நீர் வருவதை முதலில் உணர்பவர் அவர்தாம். நீர் வந்தால் வரப்பு வெட்ட வேண்டும், உழ வேண்டும், நாற்றுப் பறிக்க வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும், அறுக்க வேண்டும். நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நீர் வராத ஆண்டில் நில உடைமையாளர் ஒரு விளைச்சலை இழக்கிறார். கூலிக்காரரோ அத்தனை நாள்களையும் இழக்கிறார். அவருக்குப் பயிர்க் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை.

நீர் நிச்சயமற்றதாகும்போது உழவர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறுகின்றனர். இதில் அவரைக் குறை கூற இயலாது. தென்னைக்குச் சொட்டுநீர் போதும். ஒரு வாரம் நீர் தவறினாலும் மரம் தாங்கும். ஆயினும் நெல்வயலில் நாற்பது பேர் செய்த வேலைக்குத் தென்னந்தோப்பில் நான்கு பேர் போதும். மற்றவர்கள் மலையேறுகின்றனர், அல்லது திருப்பூருக்குப் பேருந்து ஏறுகின்றனர்.

உங்கள் குடும்ப வரலாற்றிலும் இத்தகைய ஒரு வாய்க்கால் வற்றியிருக்கக் கூடும். மூணாறு, பீர்மேடு, தேவிகுளம் மலைகளின் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வந்த தமிழ்த் தொழிலாளர்களுள் பலர், திருநெல்வேலி, இராமநாதபுரம் போன்ற வறண்ட சீமைகளைச் சேர்ந்தவர்கள். வேலை தேடி வந்தனர் என்று நாம் ஒரே தொடரில் சொல்லி விடுகிறோம். ஊரில் நீர் இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் வந்திருப்பர்?

மறையூரின் வாய்க்கால்கள்

இடுக்கியில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறும் ஒன்று உண்டு. அது பாம்பாறு. மறையூர், காந்தளூர் ஆகிய ஊர்கள் மலைமறைவில் அமைந்து மழை குறைவாகப் பெறுபவை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால்களில் திருப்பி, அங்குள்ளோர் கரும்பு பயிரிடுகின்றனர். அக்கரும்பிலிருந்து காய்ச்சும் மறையூர்ச் சர்க்கரைக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்தியது போக எஞ்சிய நீர், உடுமலைப்பேட்டைக்கருகே அமராவதி அணையை அடைகிறது. 2007ஆம் ஆண்டுக் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் பாம்பாற்றுப் படுகைக்காகக் கேரளத்திற்கு 3 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. மறையூர்க்காரருக்கு அது தம் மலையின் நீர். அமராவதிப் பாசன உழவருக்கு அது தம் அணையின் வரத்து.

சொற்பொருள்

ஆயக்கட்டு – ஓர் அணையாலோ ஏரியாலோ பாசனம் பெறும் நிலப்பரப்பு
போகம் – ஓர் ஆண்டில் விளையும் ஒரு விளைச்சல்
ஒழுங்கணை – நீரைத் தேக்கி, அளவாகப் பிரித்து விடும் சிறிய அணை
வடிகால் – மிகுதி நீர் வெளியேறும் வழி
கண்மாய் – ஏரி (மதுரை, இராமநாதபுரம் வட்டார வழக்கு)
மலைமறைவு – மழைமேகங்களை மலை தடுப்பதால் மழை குறைந்த பகுதி
குத்தகை – குறித்த காலத்திற்கு வாடகைக்கு விடுதல்

பயிற்சி

1. சித்தூர் உழவருக்குத் தலைமடை எது? ஏன்?

2. "நீர்ப் பூசல்களில் உழவர் கேட்பது காலத்தைப் பற்றித்தான்." இத்தொடரை நெற்பயிரின் வளர்ச்சியைக் கொண்டு விளக்குக.

3. சோலையாற்றிலிருந்து கேரளத்திற்குரிய 12.3 டி.எம்.சி. நீரை லிட்டரில் கணக்கிடுக.

4. பெரியாறு அணையில் 104 அடி, 136 அடி, 142 அடி ஆகிய அளவுகள் எவற்றைக் குறிக்கின்றன?

5. நெல்வயல் தென்னந்தோப்பாக மாறும்போது இலாபம் பெறுபவர் யார்? இழப்பவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக.

6. சேர்த்து எழுதுக: கடை + மடை, நீர் + ஆண்டு, மலை + சரிவு. பிரித்து எழுதுக: தென்னந்தோப்பு, பெருங்குழாய்.

7. வண்டிப்பெரியாற்றில் வாழும் மாணவி ஒருத்தி, கம்பத்தில் வாழும் தன் அத்தை மகளுக்கு அணையைப் பற்றி எழுதும் மடலையும், அதற்கு அவள் எழுதும் மறுமொழியையும் எழுதுக. இருவரும் ஒருவரை ஒருவர் புண்படுத்தலாகாது. உண்மையை மறைத்தலும் ஆகாது.

8. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வருக: அவர் பிறந்த ஊர் எது? அங்கு வயலுக்கு நீர் எங்கிருந்து வந்தது? நீரைத் திறந்து விட்டவர் யார்? அவரை ஊரார் என்ன பெயரால் அழைத்தனர்? அவ்வாய்க்காலில் இன்று நீர் ஓடுகிறதா?